பிரிட்ஜுக்கு மேலிருந்த அண்டா

நண்டோடைக் குப்பத்துச் சுனாமிக் குடியிருப்பில் வைத்தி வீட்டு பிரிட்ஜுக்கு மேல் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெட்டி ஊருக்கெல்லாம் குழம்பு ஊற்றியது என்று சொன்னால், நம்ப முடியாதவர்கள் நம்பவே வேண்டாம், கையைப் பிடித்து இழுத்து வந்து நம்பவைக்க அந்த ஊரில் யாருக்கும் பொழுதில்லை. குழம்பைத் தின்றவர்கள் இருக்கிறார்கள், தின்றுவிட்டுப் புளி தூக்கல் என்று மூஞ்சியைச் சுளித்தவர்கள் இருக்கிறார்கள், பெட்டியைக் கடலில் வீசு என்று கோயில் மைக்கில் தொண்டை கிழியக் கத்தியவரும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வைத்தியின் பெண்டாட்டி இளஞ்சியத்துக்கு வாய் நீளம், கை சுத்தம். ஊரில் ஜாக்கெட் தைப்பவள் அவள் ஒருத்திதான் என்பதால், குப்பத்துப் பெண்கள் கல்யாண வீட்டிலோ பஸ்ஸிலோ டி.வி.யிலோ எந்த முதுகைப் பார்த்தாலும் அந்தப் பின்கழுத்தை ஒரு படம் பிடித்து, ‘எனக்கும் இது மாதிரி’ என்று அவளுக்குத் தட்டிவிடுவார்கள். வைத்தியோ கடலுக்குப் போகிற ஆள், சுறா துள்ளினாலும் வீடியோ, பக்கத்துப் படகுக்காரன் கொட்டாவி விட்டாலும் வீடியோ. இப்படியே ஏற்றி ஏற்றி இரண்டு பேர் போனும் இனி ஒரு படத்துக்கும் இடமில்லை என்று ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. இளஞ்சியம் டவுனுக்குப் போய் ஒரு வைஃபை பெட்டியும், மூடிப்போன கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி வந்தாள். யாரோ ஒரு பையன் பேசுகிற வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பெட்டியை வீட்டிலேயே உயரமான இடம் என்று பிரிட்ஜுக்கு மேல் வைத்து, அதன் முதுகில் டிஸ்க்கைச் செருகி, போனில் அதற்கான பக்கத்தைத் திறந்தாள். இந்தச் சேமிப்புக்கு என்ன பெயர் என்று கேட்டது. வீட்டில் பெரிய பாத்திரம் எதுவோ அந்தப் பெயரை வைத்தாள்: அண்டா.

அடுத்துக் கேட்ட கேள்வியில்தான் வினையே. இதை யார் யார் திறக்கலாம், நீங்கள் மட்டுமா, வீட்டில் உள்ளவர்களா, எல்லோருமா என்றது. வேறு ஊர்க்காரியாக இருந்தால் யோசித்திருப்பாள். நண்டோடையில் கரைவலை இழுக்கும்போது, வேடிக்கை பார்க்க வந்தவனோ, வழி கேட்க வந்தவனோ, எவனாக இருந்தாலும் கயிற்றில் ஒரு கை வைத்துவிட்டால் அவனுக்கும் ஒரு பங்கு கறிமீன் உண்டு. நீ யார் என்று கேட்டுவிட்டு மீன் போடுகிற வழக்கம் அங்கே கிடையாது. இளஞ்சியம் யோசிக்காமல் ‘எல்லோரும்’ என்பதை அழுத்தினாள். பாஸ்வேர்டு இல்லாமல் விட்டால் ஆபத்து என்று பெட்டி சிவப்பு எழுத்தில் மிரட்டியது. “போடா, பெரிய இவன்” என்று சொல்லிவிட்டு, அவள் தையல் மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

இரட்டை இரட்டையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், வரிசைக்கு வரிசை இடைவெளி ஒரு சைக்கிள் போகிற அகலம். வைஃபை ஊர் முழுக்கப் பாய்ந்தது. கொஞ்ச நாளில் அண்டாவில் திருவிழா வீடியோ, பேரன் குப்புற விழுந்த படம், காணாமல் போன ஆட்டின் படம் என்று ஊரே எதையாவது போட்டு எதையாவது எடுத்துக்கொண்டிருந்தது. அதுவரை அண்டா சாதாரண அண்டாவாகத்தான் இருந்தது.

ஊர்த்தலைவர் சிங்காரவேலுவின் மருமகள் தவமணி, கல்யாணமாகி வந்த புதிதில், முதுகு பாதி தெரிகிற மாதிரி இறக்கி வெட்டி, முடிச்சுக் கயிறும் குஞ்சமும் வைத்துத் தைக்கச் சொன்னவள். அடுத்த பொங்கலுக்கு, “அக்கா, கழுத்தைக் கொஞ்சம் ஏத்தித் தைங்க” என்றாள். அதற்கடுத்த ஜாக்கெட்டுக்கு இன்னும் ஏற்றம். பிறகு கை முழங்கை வரைக்கும் வந்தது, பின்கழுத்து பிடரி வரைக்கும் போனது. தைக்கிறவளுக்குத் தெரியாதா, ஒரு முதுகு ஏன் இப்படி மூடிக்கொண்டே வருகிறது என்று? ஒரு நாள் அளவெடுக்க டேப்பை வைத்ததும் தவமணி ‘ஸ்’ என்று சுருண்டாள். இளஞ்சியம் கதவைச் சாத்தி, அவள் ஜாக்கெட்டை விலக்கி முதுகைப் பார்த்தாள். குறுக்கே பெல்ட்டுத் தடம், அதன் முனையில் பக்கிளின் சதுரம்.

“யாருடி? ஒன் புருசன் மதியழகனா?”

தவமணி தலையை மட்டும் ஆட்டினாள்.

“ஒங்க மாமாகிட்ட சொன்னியா?”

“சொன்னேன்க்கா. புருசன் பொண்டாட்டி சண்ட ஊருக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

இளஞ்சியத்துக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. டேப்பைக் கழுத்தில் போட்டபடியே தவமணியைக் கையோடு இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, டவுன் ஸ்டேஷனில் புகார் கொடுக்கவைத்து, சாட்சி என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். நண்டோடையில் அதுவரை எவரும் ஊரைக் கேட்காமல் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. சிங்காரவேலு ஆள் அனுப்பி மருமகளை அழைத்து வந்து வீட்டுக்குள் வைத்தார், போனைப் பிடுங்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே கோயில் மைக் கரகரத்தது.

“வைத்தி குடும்பத்தோட இனிமே ஊருல யாரும் அன்னந்தண்ணி பொழங்கக் கூடாது. பேச்சுவார்த்தை கூடாது. நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. எந்தக் கையும் குடுக்கக் கூடாது, எந்தக் கையும் வாங்கக் கூடாது. மீறுனவங்களும் வெலக்கு.”

வைத்தியை எந்தப் படகும் ஏற்றவில்லை. கடையில் உப்பு கேட்டால் கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கவும் ஆளில்லை. வைஃபையும் தீட்டாகிவிட்டது, எல்லோரும் போனில் அணைத்துவிட்டார்கள். ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அமராவதி மட்டும் அணைக்கவில்லை, எங்கே அணைப்பதென்று அவளுக்குத் தெரியாது.

அமராவதி நல்லவள், ஆனால் பயந்தாங்கொள்ளி. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மதியம் தன் கோழியை மடியில் வைத்துக்கொண்டு சுவர் கேட்கும்படி சத்தமாகப் பேசினாள். “இஞ்ச பாரு கோழி, நான் ஒங்கிட்டதான் பேசுறேன், வேற யாருகிட்டயும் பேசல. பக்கத்து வீட்டுல அடுப்பு எரியல, எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. கை குடுக்கத்தான கூடாது? மத்தி மீன் கொழம்பு வச்சேன், சட்டியோட ஒரு போட்டோ எடுத்து அந்த அண்டாவுல போட்டிருக்கேன். கண்ணாலயாவது பாக்கட்டும்னு சொல்லு.”

இளஞ்சியத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “படத்த நக்கவா?” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனில் அண்டாவைத் திறந்தாள். படத்தைத் தொட்டாள். பிரிட்ஜுக்கு மேல், பெட்டிக்குப் பக்கத்தில், அமராவதியின் விளிம்பு உடைந்த மண்சட்டி மாதிரியே ஒரு சட்டியில், ஆவி பறக்க அரைச் சட்டி மத்திக் குழம்பு இருந்தது. இளஞ்சியம் துணியைச் சுற்றி அதை இறக்கி, விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“ஏங்க, கைய கழுவிட்டு வாங்க,” என்று வைத்தியைக் கூப்பிட்டாள். “புளி கொஞ்சம் தூக்கல்.”

அந்தப் பக்கம் அமராவதி தன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சரிபாதி குறைந்திருந்தது. “போனாப் போவுது கோழி,” என்றாள், “நமக்கு இது போதும்.”

இப்படித்தான் ஆரம்பித்தது. இதைக் கேள்விப்பட்டதும் ஊர் என்ன செய்தது என்றால், முதலில் பஞ்சாயத்தார் கூடிப் பேசினார்கள். எந்தக் கையும் கொடுக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு, எந்தக் கையும் கொடுக்கவில்லை, எந்தக் கையும் வாங்கவில்லை. அப்படியானால் குற்றமில்லை என்று ஒரு பெரியவர் சொல்ல, குழம்பு போனதே என்று இன்னொருவர் கேட்க, குழம்பு தானாகப் போனால் அது குழம்பின் விருப்பம் என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வீடாக வைஃபையைத் திரும்பப் போட்டது, யாரும் யாரிடமும் சொல்லாமல். இரண்டு வீடு சேர்ந்தால் குழம்பு நாலாய்ப் பிரிந்தது, தெரு சேர்ந்தால் ஆளுக்கு ஒரு கரண்டி வந்தது, ஊரே சேர்ந்தபோது ஆளுக்கு ஒரு சொட்டுதான். ஆனால் எல்லோரும் போட்டதால் எல்லோர் வீட்டிலும் மதியத்துக்கு ஒரு சட்டி நிறைந்தது, அதில் நெத்திலியும் இறாலும் முருங்கைக்காயும் யாரோ ஒரு புதுப்பெண் கருகவிட்ட வெங்காயமும் கலந்து கிடந்தன. அந்த ருசிக்கு ஒரு பெயரும் கிடையாது. ஒரு மாதத்துக்குள், அதைத் தவிர வேறு குழம்பு பிள்ளைகளுக்கு இறங்கவில்லை.

அண்டாவுக்கும் சில குணங்கள் இருந்தன, ஊர் அவற்றைப் பழகிப் பழகிக் கண்டுபிடித்தது. நெட்டில் கிடக்கிற பிரியாணியை எடுத்துப் போட்டால் படம் படமாகவே கிடக்கும். நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற ஆரத்தைப் போட்டவனுக்கும் அதே கதிதான். தன்னுடையது எதுவோ அதுதான் பங்காகும். அதையும் மனசில்லாமல் போட்டால் பங்காகாது, ஒரு மகராசி நல்ல மீன் கண்டத்தை ஒளித்துவைத்துக்கொண்டு முள்ளைப் போட்டுப் பார்த்தாள், முள்கூட அவளை விட்டு நகரவில்லை. அவள் மாமியார் அதைத் தெருத்தெருவாகச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு காத்தவராயனுக்குப் பல்வலி வந்தது. கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட, தான் கடலுக்கு வராததற்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று அந்தக் கன்னத்தைப் படம் எடுத்து அண்டாவில் போட்டான். அவ்வளவுதான், ஊர் முழுக்க எல்லோருக்கும் இடது கடைவாயில் சுருக்கென்று ஒரு கூச்சம், கன்னத்தில் கொசு கடித்த அளவுக்கு ஒரு வீக்கம். காத்தவராயன் முறுக்குத் தின்றுகொண்டு வெளியே வந்தான். “எழவெடுத்தவனே, சொல்லிட்டாவது போடக் கூடாதா!” என்று பெண்கள் அவனை வைதார்கள். வைதார்களே தவிர அணைக்கவில்லை. கொஞ்சம் பேர் பட்டால் அது வலி, ஊரே பட்டால் அது அரிப்பு என்று பழகிவிட்டார்கள். காய்ச்சலைப் போட்டார்கள், எண்ணெய் தெறித்த கொப்புளத்தைப் போட்டார்கள், எல்லோர் கையிலும் கடுகளவு ஒரு தழும்பு ஏறியது. சொல்லிவிட்டுப் போட வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் போடக் கூடாது என்பது மட்டும் ஊர் வழக்கமானது.

அமராவதி ஒரு நாள் கோழியிடம் கேட்டாள். “ஏ கோழி, அன்னைக்கு ஸ்டேஷன்ல குடுக்க தவமணி முதுக போட்டோ எடுத்தாளே இளஞ்சியம், அத இதுல போட்டா என்ன?”

“அது என் முதுகு இல்லக்கா,” என்றாள் இளஞ்சியம் சுவரிடம். “போட்டாலும் போவாது. போவும்னாலும் நான் போட மாட்டேன். அவ போடணும்.”

தவமணியிடம்தான் போன் இல்லையே. தலைவர் வீட்டு ஜன்னலில் எப்போதாவது அவள் முகம் தெரியும். பிடரி வரை மூடிய ஜாக்கெட்டில், நிமிர முடியாமல், ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பாள். அதைத் தூரத்திலிருந்து பார்க்கிறபோதெல்லாம், அண்டாவில் வந்த சோற்றை இளஞ்சியம் தள்ளி வைத்துவிடுவாள்.

எல்லையம்மனுக்குக் காப்புக் கட்டும் நாள் நெருங்கியது. காப்புக் கட்டுமுன் ஊரில் சண்டை இருக்கக் கூடாது என்பது வழக்கம், ஆகவே சிங்காரவேலு மைக்கைப் பிடித்தார். இளஞ்சியம் தான் ஸ்டேஷனில் சொன்னது பொய் என்று சபையில் ஒத்துக்கொண்டு, பஞ்சாயத்தார் காலில் விழ வேண்டும். ஊரைக் கெடுத்த பெட்டியைக் கொண்டுவந்து கடலில் வீச வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்தோடு வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போக வேண்டும். “எங்க வீட்டுல எவனும் அந்த அண்டாவத் தொட்டதில்ல. தலைவன் வீடு சுத்தமா இருந்தாத்தான் ஊரு சுத்தமா இருக்கும்,” என்று முடித்தார்.

வைத்தி அன்று சாப்பிடவில்லை. அலை வீட்டைக் கொண்டுபோன வருஷம் அவன் எல்லாம் இழந்து நின்றவன். இந்தச் சுவரும் கூரையும் கிடைப்பதற்குள் கூடாரத்தில் எவ்வளவு காலம் கிடந்தோம் என்பது அவனுக்கு மறக்கவில்லை.

“விழுந்துட்டுத்தான் வாயேன் புள்ள,” என்றான். “ஒரு நிமிசம். விழுந்தா ஒனக்கு முட்டி தேஞ்சா போயிடும்?”

“முட்டி தேயாது. நான் பொய்யின்னு சொன்னா, அடுத்த அடி அவ முதுகுல விழும். ஸ்டேஷன் பேப்பர் ஒண்ணுதான் இப்ப அவன் கையக் கொஞ்சமாச்சும் கட்டி வச்சிருக்கு.”

“நம்ம எங்க போறது?”

“தெரியல. ஆனா விழ மாட்டேன். நீங்க என்னய விட்டுட்டு விழுவணும்னா விழுந்துக்குங்க, நான் தடுக்கல.”

வைத்தி எழுந்து, பெட்டியில் படிந்திருந்த தூசியைத் துண்டால் துடைத்துவிட்டு, தட்டைப் போட்டு உட்கார்ந்தான். “சோத்தப் போடு. தெம்பில்லாம எப்படி வெரப்பா நிக்கிறது,” என்றான்.

காப்புக் கட்டும் நாளன்று காலை வெயிலில் ஊரே கோயில் வாசலில் கூடியது. எல்லையம்மன் சந்நிதியில் ஆண்கள் சட்டை போடக் கூடாது. தலைவரும் பஞ்சாயத்தாரும் மதியழகனும் வெற்றுடம்பில் இடுப்புத் துண்டோடு நின்றார்கள். காப்புக் கட்டிக்கொள்கிறவர் உடம்பில் ரத்தக் காயமோ அடித் தடமோ இருக்கக் கூடாது என்பதும் ஒரு விதி. பூசாரி ஒவ்வொரு வருஷமும் தலைவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் மஞ்சள் நூலை எடுப்பார். இளஞ்சியம் வைத்தியோடு வந்தாள். கழுத்தில் டேப் தொங்கியது. கையில் ஒன்றும் இல்லை.

“பெட்டி எங்க?” என்றார் சிங்காரவேலு.

“பிரிட்ஜு மேல இருக்கு மாமா.”

“கொண்டாரச் சொன்னேன்ல?”

“சொன்னீங்க. கொண்டாரல.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சிங்காரவேலு அதைக் கையமர்த்திவிட்டுக் கீழே மணலைக் காட்டினார். “சரி, பொய் சொன்னேன்னு சொல்லி விழு.”

“மாட்டேன். நான் பாத்தத சொன்னேன். ஒங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, ஒங்களுக்கும் தெரியும். இஞ்ச நிக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சிகிட்டே எனக்கு உப்பு குடுக்காம இருந்தீங்க பாருங்க, அதுக்கு நீங்கதான் அவ காலுல விழணும்.”

“பொம்பள பேசுற பேச்சா இது?” என்று அவர் கையை ஓங்கிக்கொண்டு ஓரடி வைத்தார், வைத்தி குறுக்கே வந்து நின்றான்.

அதே நேரம் தலைவர் வீட்டில் வேறொன்று நடந்தது. எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்ட அந்த வீட்டில், கோயில் சுத்தத்துக்குப் போன் ஆகாதென்று சிங்காரவேலு தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். தவமணி அதை எடுத்தாள். திறந்ததும் முதல் பக்கத்திலேயே அண்டா இருந்தது, அன்று காலையில் யாரோ போட்ட ஆப்பம்கூட எடுத்துத் தின்றாயிற்று என்று காட்டியது. பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி, பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, தோளுக்கு மேலே போனைப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். பழைய தடம், அதன் மேல் புதுத் தடம், அதற்கும் மேல் நேற்றுத் தடம். அதில் ஒன்றையும் ஒளிக்காமல், முழுமனசோடு அண்டாவில் போட்டாள்.

கோயில் வாசலில் எல்லோரும் ஒரே சமயத்தில் ‘ஸ்’ என்றார்கள். கிழவர்களும், இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண்களும், மேளக்காரனும், மூன்று பஞ்சாயத்தாரும் ஒருசேர முதுகை வளைத்தார்கள். பட்டதென்னவோ ஒரு கீற்றுதான், நூல் வைத்து இழுத்த மாதிரி. ஆனால் கொப்புளத்தின் வலி வேறு, காய்ச்சலின் வலி வேறு, ஒரு கை வேண்டுமென்றே ஓங்கி அடித்த வலி வேறு, அது உடம்போடு நிற்காமல் உள்ளே போய் மானத்தில் விழுகிறது என்பது நண்டோடைக்கு அன்றுதான் தெரிந்தது. யாரும் காத்தவராயனை வைத மாதிரி வையவில்லை. அமராவதி தன் தோளுக்குப் பின்னால் கையைவிட்டுத் தடவிப் பார்த்து, ‘அய்யோ என் தாயே’ என்று உட்கார்ந்துவிட்டாள்.

சிங்காரவேலு தூணைப் பிடித்துக்கொண்டார். “வாயு,” என்றார். “வாயுப் பிடிப்பு, ஒண்ணுமில்ல. பூசாரி, நேரமாவுது, காப்ப எடு.”

பூசாரி வழக்கம்போல அவரைச் சுற்றிப் பின்னால் போனார். போனவர் நின்றுவிட்டார். ஊரும் பார்த்தது. தலைவரின் வெற்று முதுகில் குறுக்கே ஒரு மெல்லிய சிவப்புக் கீற்று, அதன் முனையில் அரிசி அளவுக்கு ஒரு சதுரம்.

“தொட்டதே இல்லன்னியே!” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அதற்குமேல் அவரிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

பூசாரி அடுத்த முதுகைப் பார்த்தார், அங்கேயும் கீற்று. அதற்கடுத்தது, கீற்று. தன் முதுகைப் பற்றி அவருக்கே தெரியும். ஆண்கள் ஒவ்வொருவரும் திரும்பித் திரும்பிக் காட்ட, கடைசியில் ஒரே ஒரு முதுகு, எண்ணெய் தேய்த்த பலகை மாதிரி வழவழவென்று சுத்தமாக நின்றது. அண்டாவில் எதையும் போடாத, எதையும் எடுக்காத, பொம்பளைப் பெட்டி என்று கடைசிவரை முறுக்கிக்கொண்டு திரிந்த மதியழகனின் முதுகு.

விதிப்படி பார்த்தால் காப்பு அவனுக்குத்தான். பூசாரி நூலைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

அமராவதி எழுந்தாள். இந்தத் தடவை கோழி மடியில் இல்லை. நேரே இளஞ்சியத்தின் முகத்தைப் பார்த்தாள். “இளஞ்சியம்,” என்று ஊர் கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், “அந்தக் கையில காப்பு ஏறுச்சுன்னா, இந்த வருசம் தேரு வடத்துல நான் கை வைக்க மாட்டேன்டி.”

“நானும் வைக்க மாட்டேன்,” என்றான் காத்தவராயன்.

நானும், நானும் என்று வரிசை வரிசையாகச் சொன்னார்கள், குழம்பு போட்டவர்கள், காய்ச்சல் போட்டவர்கள், கடையில் வானத்தைப் பார்த்தவர், எல்லோரும். ஊர் கை வைக்காத தேர் ஓரடி நகராது என்பது அம்மனுக்கும் தெரியும். மதியழகன் அப்பாவைப் பார்த்தான். சிங்காரவேலு மணலைப் பார்த்தார்.

அப்போது தெருமுனையில் தவமணி வந்தாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகி, நிமிர்ந்து, ஒரு பக்கமும் சாயாமல் நடந்து வந்தாள். வலி அவ்வளவும் ஊருக்குப் பிரிந்துபோக, அவள் பங்குக்கு மிஞ்சியது மற்றவர்களுக்கு வந்த அதே கீற்றுதான். மாமனார் முன்னால் நின்று போனை நீட்டினாள். “இந்தாங்க மாமா. சார்ஜு ஏறிட்டு,” என்றாள். பிறகு பூசாரி பக்கம் திரும்பி வலது கையை நீட்டினாள். “எனக்குக் கட்டுங்க.”

“தடம் உள்ள ஒடம்புக்குக் கட்டுனதில்லம்மா…” என்று இழுத்தார் பூசாரி.

“தடமில்லாத ஒடம்பு ஒண்ணுதான் இருக்கு,” என்றாள் இளஞ்சியம். “அதுக்குக் கட்டுறீங்களா?”

பூசாரி கட்டினார். காப்புக் கட்டியவரைக் கை நீட்டி அடிக்கக் கூடாது, சுடுசொல் சொல்லக் கூடாது. தேர் நிலைக்கு வரும்வரை அவர் தன் வீட்டில் தங்கவும் கூடாது. தவமணி நேரே இளஞ்சியத்தின் வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்தாள். அம்மன் காப்பு இருக்கிற வீட்டை எப்படி விலக்கி வைப்பது என்று மைக்கில் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை, விலக்கு அப்படியே உதிர்ந்தது. புகார் ஸ்டேஷனில் அப்படியே இருந்தது. மதியழகனைக் கூப்பிட்டு விசாரித்தபோது, சாட்சி சொல்ல ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் போனார்கள், போனவர்கள் எல்லோரும் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்ட ஆரம்பிக்க, இன்ஸ்பெக்டர் போதும் போதும் என்று எழுந்துவிட்டார். நண்டோடையில் ஆண்கள் இன்றைக்கும் சட்டையில்லாமல்தான் வலை இழுக்கிறார்கள், எல்லோர் முதுகிலும் அந்தக் கீற்று இருக்கிறது. மதியழகன் மட்டும் கடலில் குளிக்கும்போதுகூடச் சட்டையைக் கழற்றுவதில்லை.

தேருக்கு முந்தின நாள், தைக்க வந்த துணி மலையாய்க் குவிந்து கிடந்த அறையில், தவமணி ஒரு சிவப்புப் பட்டுத் துணியை மிஷின் மேல் வைத்தாள். பிரிட்ஜுக்கு மேல் பெட்டி கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“பின்கழுத்த எறக்கி வெட்டுங்கக்கா. கயிறு வேணும். குஞ்சமும் வேணும்.”

இளஞ்சியம் டேப்பை அவள் முதுகில் வைத்தாள். தவமணி ‘ஸ்’ என்று சுருளவில்லை.

“எவ்வளவு எறக்கம்டி?”

“அந்தக் கோடு நல்லாத் தெரியணும்க்கா,” என்றாள் தவமணி. “தேரு இழுக்கிற எல்லாரும் பாக்கணும்.”

இளஞ்சியம் சாக்குக்கட்டியை எடுத்து, துணியில் அந்தக் கீற்றுக்கு நாலு விரல் கீழே கோடு போட்டாள். வாசலில், அமராவதியிலிருந்து ஆரம்பித்து ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தங்கள் துணியோடு வரிசையில் நின்றார்கள், எல்லோருக்கும் அதே அளவு வேண்டுமாம்.